பெயர் சொன்னோரும் பெயரிழந்தோரும்

1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் திகதி இரவு, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒஸ்கார் விருது வழங்கும் மண்டபத்தில் 89 வயது முதியவர் ஒருவர் மேடைக்கு வந்தார். மார்ட்டின் ஸ்கோர்செசியும் றொபேட் டி நீரோவும் அவருக்குப் பக்கத்தில் நின்றனர். வாழ்நாட் சாதனைக்கான கௌரவ விருது அவருக்கு வழங்கப்பட்டது. மண்டபத்தில் ஒரு பகுதியினர் எழுந்து நின்று கைதட்டினர். வேறு சிலர் எழாமலே கைதட்டினர். நடிகர்களான நிக் நோல்டியும் எட் ஹரிஸும் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாது இருந்தனர். தொலைக்காட்சிக் கமெரா அந்த முகங்களையும் தவறாது காட்டிற்று. மேடையில் நின்றவர் இலியா கசான். அவருடைய 'ஒன் த வாட்டர்பிரண்ட்' என்னும் படம் வெளிவந்து அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு படைப்பாளியைப் பற்றிய அபிப்பிராயம் எழுந்து நிற்பதாகவும் எழாதிருப்பதாகவும் இவ்வளவு வெளிப்படையாகப் பிரிந்த சந்தர்ப்பம் திரைப்பட உலகில் அரிதென்றே கூறல் வேண்டும்.

கலைஞன் வேறு, கலை வேறு என்று சொல்லிவிட்டு எழுந்து நிற்பது எளிது. கலைஞனின் கறை கலையிலும் படியும் என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவதும் அதேயளவுக்கு எளிது. இரு விடைகளும் படத்தைப் பாராமலே கூறத்தக்க விடைகள் என்பதுதான் அவற்றின் குறை. கசானின் படத்தையும், அதற்கு முன்னும் பின்னும் வந்த வேறிரு படங்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது காரியம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. 1952இல் 'ஹை நூன்', 1954இல் 'ஒன் த வாட்டர்பிரண்ட்', 1957இல் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்'. ஒன்று மேற்குப் பிரதேசத்துத் துப்பாக்கிக் கதை. மற்றொன்று துறைமுகத் தொழிலாளர் கதை. மூன்றாவது யுத்தக் கைதிகளின் கதை. மூன்றினதும் பின்னணியில் இருந்தது ஒரே விசாரணைக் கூடம்.

வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1947ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழுவொன்று, 'அமெரிக்க விரோத நடவடிக்கைகள்' பற்றி விசாரிப்பதற்கென அமைந்தது, ஹொலிவூட்டை நோக்கித் திரும்பியது. கம்யூனிஸ்ட் கட்சியில் இருக்கிறீரா, அல்லது எப்போதாவது இருந்தீரா என்ற வினாவுக்கு விடையளிக்க மறுத்த எழுத்தாளரும் நெறியாளருமான பத்துப்பேர் சிறை சென்றனர். அவ்வாண்டு நவம்பரில் படத் தயாரிப்பு நிறுவனங்களின் தலைவர்கள் நியூ யோர்க்கின் வல்டோர்ப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடி, அவ்வாறானோருக்கு இனித் தொழிலில்லை என்று அறிவித்தனர். 1951இல் விசாரணை மீண்டும் தொடங்கியபோது தப்பிக்கொள்ளும் வழி ஒன்றே இருந்தது: கூட இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லவேண்டும். தன்னைப் பற்றி மாத்திரம் பேசுவேன், பிறரைப் பற்றிப் பேசேன் என்றவனுக்கும் தொழில் போயிற்று.

'ஹை நூன்' படத்தின் எழுத்தாளர் கார்ல் போர்மனுக்கு அழைப்பாணை வந்தது அப்படம் உருவாகிக்கொண்டிருந்த வேளையில். 1951 செப்டெம்பரில் அவர் குழுவின் முன் தோன்றினார், பெயர் சொல்லவில்லை. பங்காளியாகவும் நண்பராகவும் இருந்த தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமருடன் உறவு முறிந்தது. படம் திரைக்கு வந்தபோது போர்மன் இங்கிலாந்துக்குப் பெயர்ந்திருந்தார். தெருவில் அவரைக் கண்டு ஒதுங்கியவர்களின் வார்த்தைகளே படத்தின் உரையாடலில் ஏறின என்று அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு.

இதை அறியாமல் படத்தைப் பார்ப்பவனுக்கும் படம் விளங்கும் என்பதே அதன் சிறப்பு. ஊர்க்காவல் அதிகாரி வில் கேனுக்கு அன்று காலை திருமணம், பதவியையும் துறந்தாயிற்று. அவனால் சிறைக்கனுப்பப்பட்ட பிராங் மில்லர் நண்பகல் ரயிலில் வருகிறான் என்று செய்தி வருகிறது. ஏறத்தாழ 85 நிமிடப் படம்; கதையில் கழியும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. நெறியாளர் பிரெட் சினமன் மூன்று காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்: சுவர்க் கடிகாரம், அடிவானம்வரை நேராக ஓடும் தண்டவாளம், வியர்த்த முகத்துடன் தெருவில் தனியே நடக்கும் கேரி கூப்பர். வானம் வெளிறிக் கிடக்கிறது. மேற்கத்தியப் படங்களின் வழமையான அழகிய மேகங்கள் அங்கில்லை. உதவி கேட்டு அவன் ஏறாத வாசலில்லை. நீதிபதி கொடியை மடித்துத் தராசையும் சட்டப் புத்தகங்களையும் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்படுகிறார். நண்பனொருவன் வீட்டினுள் ஒளிந்திருந்துகொண்டு, தான் இல்லையென்று மனைவியைச் சொல்ல வைக்கிறான்.

தேவாலயக் காட்சியே படத்தின் உச்சம். துப்பாக்கிச் சண்டை அதற்கு அடுத்தபடிதான். கேனின் கோரிக்கை அங்கே மிகவும் சனநாயக முறைப்படி விவாதிக்கப்படுகிறது. பிள்ளைகள் வெளியே அனுப்பப்படுகின்றனர், ஒவ்வொருவராகப் பேசுகின்றனர். இறுதியில் எழும் ஊர்ப்பெரியவர் கேனை வாயாரப் புகழ்கிறார். அவனுக்கு ஊர் கடமைப்பட்டிருக்கிறது என்கிறார். பிறகு, வடக்கிலிருந்து முதலீடு வரவிருக்கும் வேளையில் தெருவில் இரத்தம் சிந்தினால் அது வராது போய்விடும் என்றும், ஆதலால் கேன் ஊரைவிட்டுப் போவதே எல்லோருக்கும் நன்று என்றும் முடிக்கிறார். அவர் கயவரல்லர். கேனை மெய்யாகவே நேசிப்பவர். கோழைத்தனம் நியாயத்தின் மொழியில், ஊர்நலத்தின் பெயரால், அன்பு குறையாமல் பேசக்கூடியது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய காட்சிகள் அமெரிக்கப் படங்களிற் சிலவே.

இப்படத்தைப் பற்றிய அபிப்பிராயங்களின் கதை படத்தைவிடச் சுவையானது. 1953இல் கேரி கூப்பருக்குச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் கிடைத்தபோது அவர் சார்பில் அதைப் பெற்றவர் ஜோன் வெய்ன். அந்த வேடம் தமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று மேடையில் வேடிக்கையாகவும் பேசினார். அதே வெய்ன் 1971இல் ஒரு பேட்டியில், தாம் பார்த்தவற்றுள் இதைப்போல் அமெரிக்காவுக்கு விரோதமான படம் வேறில்லை என்றார். போர்மனை நாட்டைவிட்டு விரட்டியதில் தமக்கும் பங்குண்டு, அதற்காக வருந்தவில்லை என்றும் சொன்னார். கூப்பர் இறுதியில் அதிகாரச் சின்னமாகிய நட்சத்திரத்தைக் காலின்கீழ் இட்டு மிதித்தார் என்பது அவருடைய மனத்தாங்கல். படத்தில் கூப்பர் அதைக் கழற்றி மண்ணிற் போடுவதோடு சரி, மிதிக்கவில்லை. ஒரு படத்தின்மீது கொள்ளப்பட்ட மிகக் கடுமையான வெறுப்பு, அதில் இல்லாத காட்சியொன்றின்மீது நின்றது. இவ்வகை ஞாபகப் பிழை வெய்னுக்கு மாத்திரம் உரியதன்று.

நெறியாளர் ஹவார்ட் ஹோக்ஸும் படத்தை வெறுத்தார். நல்ல அதிகாரி ஊரெல்லாம் ஓடி உதவி கேட்கமாட்டான் என்பது அவர் கட்சி. வெய்னை வைத்தே 1959இல் 'றியோ பிராவோ'வை எடுத்து விடையளித்தார். இனியதொரு படம், ஆயினும் விடையாக அது எடுபடவில்லை. ஏனெனில் அதில் வரும் அதிகாரி உதவி கேளாவிட்டாலும் குடிகாரன், முடவன், இளைஞன், ஒரு பெண் என எல்லோரும் உதவுகிறார்கள். உதவி கிடைக்கும் உலகில் உதவி கேளாதிருப்பது பெரிய காரியமன்று.

1989ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் திகதி போலந்தில் நடந்த தேர்தலுக்கு 'சொலிடாரிட்டி' தொழிற்சங்க இயக்கம் வெளியிட்ட சுவரொட்டியில் இருந்தவர் இதே கேரி கூப்பர்தான். கையில் துப்பாக்கிக்குப் பதிலாக வாக்குச்சீட்டு. கம்யூனிஸ்ட் என்று துரத்தப்பட்டவர் எழுதிய கதாபாத்திரம், கம்யூனிஸ்ட் ஆட்சிக்கெதிரான தொழிலாளரின் சின்னமாயிற்று. ஒரு படைப்பின் அரசியல் அதை எழுதியவரின் அரசியலோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. எனினும் படத்தின் ஒரு குறையையும் இதே சுவரொட்டி சுட்டுகிறது. சொலிடாரிட்டி இலட்சக்கணக்கானோரின் இயக்கம்; கேனோ தனியன். ஊரார் எல்லோரும் கோழைகள், ஒருவன் மாத்திரம் வீரன் என்ற கணக்கில் ஊராரை வெறுக்கும் சுகமொன்று பார்வையாளனுக்குக் கிடைத்துவிடுகிறது. தேவாலயத்தில் அமர்ந்திருப்பவன் தானேயாக இருக்கலாம் என்ற ஐயம் அவனுக்கு எழுவதேயில்லை.

இனி, கசான். 1930களில் நியூ யோர்க்கின் 'குறூப் தியேட்டர்' நாடகக் குழுவில் இருந்தபோது சிறிதுகாலம் அவர் கட்சியில் இருந்தார். 1952 ஜனவரியில் குழுவின் முன் இரகசியமாகத் தோன்றித் தம்மைப் பற்றிக் கூறினார். பிறர் பெயர் கூற மறுத்தார். ஏப்ரலில் மீண்டும் தோன்றி எட்டுப்பேரின் பெயர்களைக் கூறினார். அடுத்துத் தம் செயலை நியாயப்படுத்தி 'நியூ யோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் விளம்பரமும் வெளியிட்டார். ஆர்தர் மில்லருடன் இருந்த நட்பு அறுந்தது. மில்லரும் கசானும் முன்னர் துறைமுகத் தொழிலாளரைப் பற்றி ஒரு படமெடுக்க முயன்றிருந்தனர். கதையில் வரும் குண்டர்களைக் கம்யூனிஸ்ட்டுகளாக மாற்றும்படி தயாரிப்பு நிறுவனத்தின் தலைவர் கேட்டதால் மில்லர் தம் எழுத்துப் பிரதியை மீட்டுக்கொண்டார். பின்னர் கசான் அதே களத்துக்குத் திரும்பியபோது உடன் எழுதியவர் பட் ஷூல்பேர்க். அவரும் குழுவுக்குப் பெயர் சொன்னவர். படத்தில் குண்டர் தலைவனாக நடித்த லீ ஜே. கொப்பும் அவ்வாறே.

படத்தின் கதை பொய்யன்று என்பதை முதலிற் சொல்லிவிடல் நியாயம். நியூ யோர்க் துறைமுகத்தைக் கொள்ளையர் கூட்டம் ஆண்டது உண்மை. மல்கம் ஜோன்சன் எழுதிய பத்திரிகைக் கட்டுரைகள் அதை அம்பலப்படுத்தி 1949இல் புலிட்சர் பரிசு பெற்றன. படப்பிடிப்பு நியூ ஜேர்சியின் ஹொபோக்கன் துறையில், கடுங்குளிரில், மெய்யான தொழிலாளர் நடுவே நடந்தது. ஒளிப்பதிவாளர் பொறிஸ் கவ்மன், சோவியத் செய்திப்பட மேதை சீகா வேர்ட்டோவின் சகோதரர். காலையில் தொழிலாளர் கூடி நிற்பதும், மேற்பார்வையாளன் வேலைக்கான வில்லைகளை நிலத்தில் எறிந்துவிட அவர்கள் ஒருவர்மேலொருவர் விழுந்து பொறுக்குவதும் ஆகிய காட்சியைப் பார்த்தவர் எவரும் கசானைத் தொழிலாளரின் பகைவரென்று இலேசாகச் சொல்லிவிட முடியாது.

ஆயினும் படத்தின் வாதம் வேறு. டெறி மலோய் குத்துச்சண்டையிற் தோற்றுப்போனவன், குண்டர்களின் ஏவலாள், மாடியில் புறா வளர்ப்பவன். தன்னால் ஏமாற்றப்பட்டு ஓர் இளைஞன் கொலையுண்டபின், அவ்விளைஞனின் தங்கையையும் ஒரு குருவானவரையும் அறிந்து, சிறிது சிறிதாக மனம் மாறி, விசாரணைக் குழுவின் முன் சாட்சி கூறுகிறான். காட்டிக்கொடுப்பது சிலவேளை கடமையாகும் என்பதே சாரம். தான் செய்ததில் தனக்கு மகிழ்ச்சியே என்று டெறி துறைமுகத்தில் நின்று கத்துவது தம்முடைய குரலே என்று கசான் 1988இல் வெளிவந்த தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார்.

இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. டெறி காட்டிக்கொடுப்பது கொலைகாரர்களை. கசான் காட்டிக்கொடுத்தது ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்கு முன் கூட்டங்களில் கூட இருந்த நாடகக்காரர்களை. டெறி சாட்சி கூறினால் தமையனை இழப்பான், தொழிலை இழப்பான், அடிபடுவான். கசான் சாட்சி கூறியதால் தொழிலைக் காத்துக்கொண்டார், இழந்தவர்கள் மற்றவர்கள். இரண்டையும் ஒரு தட்டில் வைப்பதற்குப் படத்தின் முழு ஆற்றலும் வேண்டியிருந்தது. அவ்வாற்றல் அதற்கு இருந்தது என்பதுதான் சங்கடம்.

ஏனென்றால் மார்லன் பிராண்டோவின் நடிப்பு எந்த வாதத்துக்கும் அடங்குவதன்று. பூங்காவில் எடியின் கையுறை தவறி விழுகிறது. அவன் அதை எடுத்துத் தூசு தட்டி, திருப்பிக் கொடாமல், பேச்சு வாக்கில் தன் பெரிய கையில் மாட்டிக்கொள்கிறான். அவள் போகவும் முடியாது. அவன் தொட்டதாகவும் ஆகாது. இன்னோரிடத்தில் அவளுடைய அண்ணனின் சாவில் தனக்குள்ள பங்கை அவன் சொல்கிறான். கப்பலின் ஊதல் ஒலி எழுந்து வார்த்தைகளை விழுங்கிவிடுகிறது. அவன் வாயசைவும் அவள் முகம் சிதைவதும் மாத்திரம் தெரிகின்றன. வாக்குமூலத்தின் மேன்மையைப் போற்றவென்று எடுத்த படம், அதன் மிக முக்கியமான வாக்குமூலத்தைப் பார்வையாளன் செவியிற் போடவில்லை. கலைஞனின் உள்ளுணர்வு அவனுடைய நோக்கத்தைவிட நேர்மையாக இருந்த இடம் அது எனலாம்.

வாடகைக்கார்க் காட்சியைப் பற்றி எழுதாதவர் இல்லை. தம்பியைப் பேசாதிருக்கச் செய்யவேண்டும், இணங்காவிடில் குண்டர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று அனுப்பப்பட்ட அண்ணன் சார்லி துப்பாக்கியை நீட்டுகிறான். டெறி கோபப்படவில்லை, வருத்தத்தோடு, குழந்தையின் கையை விலக்குவதுபோல், அதை மெல்ல ஒதுக்குகிறான். பிறகு, பணயத்துக்காகத் தன்னைத் தோற்க வைத்தவன் அண்ணனே என்பதைச் சொல்கிறான். எல்லோரும் பிராண்டோவைப் பார்க்கும் இக்காட்சியில் றொட் ஸ்டைகரையும் கவனித்தல் வேண்டும். காட்சியின் முடிவில் சார்லி தம்பியை இறக்கிவிட்டுத் தான் அந்தக் காரிலே போகிறான். சற்றுநேரத்தில் அவன் பிணம் சந்தொன்றின் சுவரிற் கொக்கியில் தொங்குகிறது. தம்பியைப் பிடித்துக் கொடுக்க மறுத்ததற்குக் கிடைத்த தண்டனை.

அஃதாவது, படத்தில் தன் உயிரை மெய்யாகவே கொடுப்பவன் சாட்சி சொன்னவனல்லன்; காட்டிக்கொடாதவன். சார்லிக்காகப் படம் வாதாடவில்லை. குருவானவர் அவனைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. ஆனால் பார்வையாளனின் மனத்தில் ஆழப் பதிவது அந்தக் காரும் அந்தக் கொக்கியும். கசானின் எதிர்ப்பாளர்கள் சொல்ல விரும்பியதைக் கசானே, அறிந்தோ அறியாமலோ, அவர்களைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். 1999இல் கைகட்டி இருந்தவர்களுக்கும் எழுந்து நின்றவர்களுக்கும் இது ஒருங்கே இடைஞ்சலான செய்தி.

முடிவுக் காட்சியைப் பற்றி பிரித்தானிய விமர்சகரும் பிற்கால நெறியாளருமான லிண்ட்சே அண்டர்சன் 1955இல் கடுமையாக எழுதினார். அடிபட்ட டெறி தள்ளாடி நடக்க, அதுவரை அசையாதிருந்த தொழிலாளர் மந்தைபோல் அவன்பின்னே வேலைக்குப் போகின்றனர். தலைவன் மாறினான், மந்தை மாறவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதிற் 'பாசிசம்' என்ற சொல்லும் இருந்தது. சொல் மிகை, கவனிப்பு சரி. 'ஹை நூன்' பெயர் சொல்லாதவரின் படம். இது பெயர் சொன்னவரின் படம். ஆனால் கூட்டத்தை நம்பாமையில் இரண்டும் ஒன்றே.

கசானின் படத்தைத் தயாரித்தவர் சாம் ஸ்பீகல். படம் எட்டு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதே ஸ்பீகல் மூன்றாண்டுகளின் பின் இலங்கைக்கு வந்து, களனி கங்கை ஓடும் கித்துல்கலையில் ஒரு மரப்பாலத்தைக் கட்டுவித்துத் தகர்த்தார். டேவிட் லீன் நெறியாண்ட 'குவாய்' படத்தின் எழுத்தாளர் என்று திரையில் வந்த பெயர் பியர் பூல். மூலநாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர். ஆங்கிலத்திற் படமெழுதும் ஆற்றல் அவருக்கிருக்கவில்லை. மெய்யாக எழுதியவர்கள் இருவர்: முதலில் கார்ல் போர்மன், பின்னர் மைக்கல் வில்சன். இருவரும் கரும்பட்டியலில் இருந்தவர்கள். பெயர் சொன்னவரையும் சொல்லாதவரையும் ஒரே தயாரிப்பாளர் பயன்படுத்தினார். வேறுபாடு, ஒருவரின் பெயர் திரையில் வந்தது, மற்றவருடையது வரவில்லை. தழுவல் திரைக்கதைக்கான ஒஸ்கார் பூலுக்கே போயிற்று. 1984இல் அது போர்மனுக்கும் வில்சனுக்கும் உரியதெனத் திருத்தப்பட்டபோது இருவரும் இறந்திருந்தனர்.

இதை அறிந்தபின் கேணல் நிக்கல்சனின் கதை வேறாகத் தெரிகிறது. அதிகாரிகள் கூலிவேலை செய்வதற்கில்லை என்ற கொள்கைக்காக இரும்புக் கொட்டிலில் வெயிலில் வேகிறார். எதிரி பணிந்தபின், அதே மனிதர் எதிரிக்காகப் பாலத்தைப் பெருமையோடு கட்டி முடிக்கிறார். இறுதியில் ஆற்றுநீர் வற்றிய கரையில் வெடிமருந்துக் கம்பியைக் கண்டு, எதிரித் தளபதியை அழைத்துச் சென்று காட்டுகிறார். கொள்கைக்காகச் சித்திரவதையுண்டவர், செய்த வேலையின்மீது கொண்ட பற்றால் காட்டிக்கொடுப்பவராகிறார். அலெக் கின்னஸ் அதை ஒரு நல்ல மனிதனின் முகத்தோடு செய்துகாட்டுகிறார். தொழிலைக் காப்பதற்காகப் பெயர் சொன்னவர்களை நினைக்காமல் இதை எழுதியிருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

ஆனால் பெயர் மறைக்கப்பட்ட இருவரால் எழுதப்பட்ட இப்படம் தானும் ஒரு மறைப்பைச் செய்தது. 1942-43இல் ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா ரயில்பாதை 415 கிலோமீற்றர் நீளமானது. நேசநாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் உழைத்தனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் தொகை இதைப்போற் பன்மடங்கு. இறந்தோர் 90,000 அளவினர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. பர்மியர், ஜாவானியர், மலாயர், இவர்களோடு மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கூலி தருவதாகச் சொல்லியும் லொறிகளில் வளைத்துப் பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். வாந்திபேதி அவர்களின் குடிசைகளை வரிசை வரிசையாக அழித்தது. மலேசியத் தமிழர் அதற்கு இட்ட பெயர் 'சயாம் மரண ரயில்'. படத்தில் சயாமியப் பெண்கள் சிலர் சுமை தூக்கி வருகின்றனர். ஒரு வழிகாட்டி வருகிறான். பாதையை அமைத்தவர்களுள் பெரும்பான்மையோர் ஒரு சட்டத்திலும் இல்லை. நிக்கல்சனின் பாத்திரம் தங்கள் தளபதியை இழிவுபடுத்துகிறது என்று பிரித்தானியக் கைதிகளாக இருந்தோர் கண்டித்தனர். அது நியாயமான கண்டனம். மற்றவர்களுக்காகக் கண்டிக்க லண்டனில் எவரும் இருக்கவில்லை.

படம் நன்றாயில்லை என்று இதனாற் சொல்லிவிட இயலாது. படம் மிக நன்றாயிருக்கிறது. அதனாலேயே அந்த ரயில்பாதையைப் பற்றி உலகின் பெரும்பகுதி அறிந்தது அப்படம் காட்டிய அளவே. போர்மனுக்கும் வில்சனுக்கும் நேர்ந்த அநீதி 27 ஆண்டுகளின் பின்னராவது ஒரு விருதுப் பட்டியலில் திருத்தப்பட்டது. படத்தின் பிற்காலப் பிரதிகளில் அவர்களுடைய பெயர்களும் சேர்க்கப்பட்டன.

தாய்லாந்தின் காஞ்சனபுரி யுத்த மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றிற் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தோட்டத் தொழிலாளருக்கு அத்தகைய வரிசை இல்லை. கித்துல்கலையில், படத்துக்காகக் கட்டிய பாலத்தின் சீமெந்து அடித்தளங்கள் இன்றும் ஆற்றோரத்தில் இருக்கின்றன. உல்லாசப் பயணிகள் காட்டுப் பாதையில் இறங்கிச் சென்று அவற்றைப் பார்த்து, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர்.